இடுப்புக்கு மேலே எதுவும் இல்லாத வீடு

அந்த வீட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஏதோ ஒன்று குறைவதுபோலத் தோன்றும். என்னவென்று சட்டெனப் பிடிபடாது. கட்டில் இருக்கும், நாற்காலிகள் இருக்கும், பாத்திரம் பண்டமெல்லாம் இருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் புரியும், சுவரில் எதுவுமே இல்லை. அலமாரி கிடையாது, பரண் கிடையாது, ஒரு பலகைகூடக் கிடையாது. சமையலறை டப்பாக்கள் சுவரோரமாகத் தரையில் வரிசை கட்டி நிற்கும். பரண் இருந்த இடத்தில் சிமென்ட் பூசிய தடம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். கடிகாரம்கூட மேசைமேல் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்காரரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆள் அவ்வளவு உயரம். மற்றவர்கள் ஏணியைத் தேடி அலைந்துகொண்டிருக்கும்போது இவர் எட்டி இரண்டாம் தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார். கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். டைல்ஸ் பெட்டிகளும் பெயின்ட் டப்பாக்களும் கூரை வரைக்கும் அடுக்கிய இரும்பு ரேக்குகளுக்கு நடுவில் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஓடுகிற வேலை.

அவருடைய கூட்டாளி சோடாபுட்டி. கண்ணாடி அத்தனை தடிமன். குள்ளமான ஆள். எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை, ஏற்றி இறக்குவது ஏணியின் வேலை. "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒட்டி நடுவுல வெட்டினா, அளவா ரெண்டு ஆள் கிடைப்பாங்க" என்று கிடங்கில் கேலி செய்வார்கள். இருவரும் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் தாங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைக்கோடி ரேக்கின் ஒரு காலில் முழங்கால் உயரத்தில் ஒரு நெளிசல் இருந்தது. யாரோ வண்டியைக் கொண்டுபோய் இடித்திருந்தார்கள். ஏணி அதைப் பார்த்ததும் மேற்பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், "பார்த்துக்கலாம்" என்றார். மறுநாள் அந்த நெளிசல்மேல் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அதற்குப் பிறகு அந்த டேப்பைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ரேக் சரிந்த அன்று அதன் பக்கத்தில் இருந்தது இவர்கள் இருவர் மட்டுமே. ஏணிக்கு இடுப்பெலும்பு நொறுங்கிப் போயிற்று. சோடாபுட்டி செத்துப் போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஏணியின் ஒரு கால் குட்டையாகியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். வீட்டுக்குள் வந்து படுத்தவர் கண்ணில் முதலில் பட்டது, கட்டிலுக்கு நேர் மேலே இருந்த பரண். பழைய பெட்டிகளும் போர்வை மூட்டைகளும் அதில் இருந்தன. அன்று முழுக்க அவர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி கட்டிலை நகர்த்திப் போட்டாள். அப்படியும் அவர் கண் மூடவில்லை. ஒரு வாரம் கழித்து மனைவியின் தம்பியை வரச்சொல்லி, பரணை இடித்துவிடச் சொன்னார். அடுத்து சமையலறைத் தட்டுகள். பிறகு கூடத்து அலமாரி. ஒவ்வொன்றுக்கும் மனைவி சொன்னது ஒரே வார்த்தை, "சரி, எடுத்துடலாம்."

ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு ஒரு டாக்ஸி நிறுவனத்தில் உட்கார்ந்தபடியே போன் எடுத்து வண்டி அனுப்புகிற வேலை கிடைத்தது. மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று மொத்தமாக எடுத்துத் தைத்தாள். வீட்டோடு ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. கார் போய் வெகுநாள் ஆகிவிட்டது. அந்த இடத்தில் துணி மூட்டைகள், பழைய தையல் மெஷின், கல்யாணமாகிப் போன மகளின் சைக்கிள், பெயின்ட் டப்பாக்கள், உடைந்த மின்விசிறி என்று எல்லாம் தரையில் பரந்து கிடந்தன. ஒரு மூட்டை வேண்டுமென்றால் நாலு மூட்டையைத் தாண்டிப் போய்க் குனிந்து இழுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்து ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினால், உள்ளே கணுக்கால் அளவுக்குச் செம்மண் தண்ணீர். மூட்டைகள் எல்லாம் ஊறிப்போய் உட்கார்ந்திருந்தன. அரக்கு நிறத் துணியின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுக்க அதில் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒவ்வொரு மூட்டையாக இழுத்து வெளியே போட்டாள். ஏணி கைத்தடியோடு வந்து வாசலில் நின்று, அவள் நீட்டுவதை வாங்கி வாங்கி வைத்தார்.

கடைசி மூட்டையை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நிமிரவில்லை.

"என்னங்க, முடியல. பிடிச்சுக்கிச்சு" என்றாள்.

அவர் தண்ணீருக்குள் இறங்கிப்போய் அவளைத் தாங்கிப் படியில் உட்கார வைத்தார். இருவருமே நனைந்திருந்தார்கள். அவள் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சாயம் போன துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவத்துல சொல்லலை" என்றாள். "குனிஞ்சே வைக்கறேன், குனிஞ்சே எடுக்கறேன். உங்களுக்கு மேல பார்த்தா பயம். அது எனக்குத் தெரியாம இல்ல. எனக்கு இப்பல்லாம் கீழ பார்த்தா பயமா இருக்கு."

ஏணி அவள் படுத்த பிறகு ஈரத் துணிகளைத் தானே பிழிந்து கயிற்றில் போட்டார்.

மறுவாரம், அவளிடம் சொல்லாமல் ரேக் விற்கும் கடைக்குப் போனார். வாசலிலேயே பல தினுசு நிறுத்தி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மெல்லப் பக்கத்தில் போய், ஒன்றின் காலைச் சுண்டுவிரலால் தள்ளினார். அது தலையிலிருந்து கால் வரை ஆடியது. கடைக்காரர் ஓடி வந்தார்.

"சார், அதை ஆட்டிப் பார்க்கக் கூடாது. சாமான் வைக்கறதுக்குத்தான் அது."

"சாமான் வச்சப்புறம் ஆடினா?"

"ஆடாது சார். சாமான் கனத்துல நின்னுடும்."

ஏணி கடையை விட்டு வெளியே வந்து, எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்து மூச்சு சீரான பிறகு, மனைவியின் தம்பிக்குப் போன் செய்தார். அவன் லாரி மெக்கானிக். பட்டறையில் வெல்டிங் மெஷினும் வைத்திருந்தான்.

"மச்சான், ஒரு ரேக் செய்யணும். வாங்கக் கூடாது, நாமளே செய்யணும்" என்றார்.

அந்த வீட்டுப் பரணைத் தன் கையாலேயே இடித்தவன் அவன்.

"நாளைக்கே வர்றேன் மாமா" என்றான்.

ஷெட்டைக் காலி செய்து கழுவிவிட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். உயரம் எவ்வளவு என்பதில் முதல் சண்டை வந்தது. ஏணி நெஞ்சு உயரம் போதும் என்றார்.

"நெஞ்சு உயரத்துல ரேக்கா? அதுக்குப் பேர் பெஞ்சு மாமா."

"பெஞ்சாவே இருக்கட்டும்."

மனைவி தையலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சுவரோடு ஒட்டி நின்று கையை மேலே தூக்கினாள். "என் கை எட்டற உயரம். அதுக்கு மேல ஒரு விரல்கூட வேண்டாம். அதுக்குக் கீழ ஒரு விரலும் குறையக் கூடாது" என்றாள். அவள் விரல் நுனி பட்ட இடத்தில் ஏணி சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். அதோடு சண்டை முடிந்தது.

சதுர இரும்புக் குழாய் வாங்கப் போன இடத்தில், மெக்கானிக் எடுத்ததையெல்லாம் ஏணி திருப்பி வைத்தார். ஒவ்வொரு குழாயையும் கண்ணுக்கு நேரே பிடித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். லேசாக ஒரு இடத்தில் நசுங்கியிருந்தாலும் வேண்டாம் என்றார். கடைசியில் எடுத்தது சாதாரண ரேக்குக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு கனமான குழாய். "இதுல என்ன யானையையா ஏத்தி வைக்கப் போறோம்?" என்று மெக்கானிக் முணுமுணுத்தான். இருந்தாலும் தூக்கி வண்டியில் போட்டான்.

வெட்டுகிற வேலையை ஏணி எடுத்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, கிரைண்டரை இரண்டு கையாலும் பிடித்து, அவசரப்படாமல் வெட்டினார். மூலைமட்டத்தை வைத்து ஒவ்வொரு முனையையும் சரிபார்த்தார். பக்கச் சட்டங்கள் இரண்டையும் தரையில் படுக்கப்போட்டே பற்றவைத்தார்கள். பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளவு டேப் பிடித்துப் பார்ப்பார், பிறகு மறு மூலைகளுக்கு. இரண்டும் ஒத்துவராவிட்டால் தட்டித் தட்டிச் சரிசெய்ய வைப்பார். பின்பக்கம் பெருக்கல் குறிபோலக் குறுக்குப் பட்டை வைத்தார்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் தகடு. மேலே சுவரோடு சேர்த்து முடுக்குவதற்குக் காது போல நாலு துண்டு. செங்கல் சுவரில் போல்ட் போட அவர் சம்மதிக்கவில்லை. பூச்சைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே கான்கிரீட் தூண் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அங்கேதான் துளை போட வேண்டும் என்றார்.

இத்தனையும் செய்த நாட்களில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். பேசக்கூடச் செய்தார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சட்டத்தை நிமிர்த்துகிற நாள் வந்தது. மெக்கானிக் ஒரு பக்கம், அவன் கூட்டி வந்த ஆள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தரையில் படுத்திருந்த இரும்பு எழுந்து நின்று, அதன் நிழல் ஏணியின்மேல் விழுந்தது. ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவர், அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர்கள் இருவரும்தான் மட்டம் பார்த்து, துளை போட்டு, போல்ட் முடுக்கினார்கள். பிளைவுட் பலகைகளையும் பொருத்தினார்கள். ஏணி தெருவில் குழாயடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாமாவுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினான். "மாமா, இங்க வந்து பாருங்க. அசையுதா பாருங்க" என்று கூப்பிட்டான். ஏணி எட்டிப் பார்த்தார்.

"இறங்குடா."

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவன் இறங்கினான். ஏணி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அவன் அக்காவிடம் வந்து, "தப்புப் பண்ணிட்டேன் அக்கா" என்றான். "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பல நாள் அந்த ரேக் காலியாகவே நின்றது. பிரைமர் அடித்த சிவப்பு நிறத்தில், ஒரு சாமானும் இல்லாமல். துணி மூட்டைகள் கட்டில்மேல் இருந்தன. இருவரும் கூடத்துத் தரையில் படுத்தார்கள். ஏணி ஷெட் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி ஒரு ஸ்டூலையும் தைக்க வேண்டிய சட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். ரேக்கின் காலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, பட்டன் தைக்க ஆரம்பித்தாள். அவளைத் தேடி வந்த ஏணி ஷட்டருக்கு வெளியிலேயே நின்றார்.

"அங்க உட்காராத."

"ஏன்?"

"எழுந்து வா."

"ஏன்னு சொல்லுங்க, வர்றேன்" என்றாள் அவள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எத்தனையோ வருஷம் கேட்காம இருந்துட்டேன். இன்னைக்குக் கேட்கறேன்."

அவர் வெளியில் நின்றபடியே சொன்னார். ரேக் சரிந்ததும் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, வாயெல்லாம் தூசி. பிறகு பக்கத்தில் சோடாபுட்டியின் குரல் கேட்டது. அவன் உயிரோடு இருந்தான். ஆள் வருகிற வரைக்கும் இருந்தான், வந்த பிறகுதான் போனான். பெரிதாக வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஒரே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"கண்ணாடியைக் கழட்டி விடுடான்னான். நானும் கையை நீட்டறேன், எட்டல. இவ்வளவு நீளக் கை. அவன் காது கிட்ட வரைக்கும் போகுது, எட்டல. கழட்டிட்டேன்னு சொன்னேன். பொய்தான். அவன் நம்பல. கழட்டுடா கழட்டுடான்னுட்டே இருந்தான்."

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அவர் வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அந்த நொடியிலேயே போயிட்டான்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அது அந்தப் பொண்ணுக்கு ஆறுதலா இருக்கும். அதை நான் போய்க் கெடுக்கவா? அதான் அந்தப் பக்கமே போகல."

அவள் எழுந்து வெளியே வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். சட்டைகள் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தன.

அடுத்த வாரம் ஏணி தன் டாக்ஸி நிறுவனத்து வண்டி ஒன்றையே வரச்சொல்லி, சோடாபுட்டியின் வீட்டுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. போய் எதைச் சொல்லப் போகிறார், எதை விடப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

அந்த அம்மாள் ஒரு நகலகத்தில் ஜெராக்ஸ் எடுக்கிற வேலை பார்த்தாள். முடி நன்றாக நரைத்திருந்தது. கதவைத் திறந்தவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாங்க அண்ணே" என்றாள், போன வாரம்தான் வந்து போனவரைக் கூப்பிடுவதுபோல. டீ போட்டுக் கொடுத்தாள். மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று சொன்னாள். ஏணியின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"அண்ணே, அவர் பேசினாரா?" என்றாள்.

ஏணி தம்ளரைக் கீழே வைத்தார்.

"உடனே போயிட்டார்னு சொன்னாங்க. நான் தலையை ஆட்டினேன். நம்பல. அப்படிப் போயிருந்தா நீங்க என்னை வந்து பார்த்திருப்பீங்க. வராம இருக்கீங்களே, அப்ப ஏதோ இருக்குன்னு நினைச்சேன்."

அவர் சொன்னார். மனைவியிடம் சொன்னதைப் போலவே, ஒன்றையும் விடாமல். கண்ணாடி விஷயத்தைச் சொல்லும்போது அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை. அழுது முடித்துத் துடைத்துக்கொண்டு, "தினமும் அதைத்தான் கேட்பார்" என்றாள்.

ஏணிக்குப் புரியவில்லை.

"வேலை முடிஞ்சு வந்து படுத்தா கையைத் தூக்க மாட்டார். கழட்டி விடு, கழட்டி விடுன்னுட்டே கிடப்பார். சில நாள் நான் கழட்டறதுக்குள்ள தூங்கிடுவார். கண்ணாடியோடயே தூங்கிடுவார். காலையில மூக்குல தழும்பா இருக்கும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "தூக்கம் வந்திருக்கும் அண்ணே. அவ்வளவுதான். நீங்க எட்டலைன்னு அவர் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டார்."

அன்று ஏணி அங்கே வெகுநேரம் இருந்தார். கிளம்பும்போது, வீட்டில் ரேக் செய்திருப்பதைப் பற்றிச் சொன்னார். வேண்டுமென்றால் இங்கேயும் ஒன்று செய்து சுவரோடு முடுக்கித் தருவதாகச் சொன்னார். அவள் தலையை அசைத்தாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இரும்பு எனக்கு வேண்டாம்."

"சரிம்மா" என்றார் அவர். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. "அடிக்கடி வர்றேன்" என்றார். அதன்பின் அப்படியே வரவும் செய்தார், மாதத்துக்கு ஒருமுறையாவது, சில சமயம் மனைவியோடு.

வீட்டுக்கு வந்தவர் நேராக ஷெட்டுக்குப் போனார். ஷட்டரைத் தூக்கிவிட்டு, போல்ட்டுகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தார். எதுவும் ஒரு இழைகூடத் திரும்பவில்லை. மச்சானின் கைவேலை. தண்ணீர் பட்டாலும் பரவாயில்லாத பழைய தையல் மெஷினையும் பெயின்ட் டப்பாக்களையும் அடித்தட்டில் வைத்தார். அதை அவர் தனியாகவே செய்தார். நடுவில் இரண்டு முறை வெளியே வந்து நின்றுவிட்டுத் திரும்பப் போனார். நடுத்தட்டு வந்தபோது மனைவியும் வந்துவிட்டாள்.

"கனமான மூட்டையெல்லாம் கீழ" என்றார் அவர்.

"கீழ வச்சா நான் மறுபடியும் குனியணுமே."

"கனம் கீழதான் இருக்கணும்."

"அப்ப மூட்டையைச் சின்னச் சின்னதாக் கட்டறேன்" என்றாள் அவள். அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் உட்கார்ந்து பெரிய மூட்டைகளைப் பிரித்து, சின்ன மூட்டைகளாகக் கட்டினார்கள். மேல்தட்டில் என்ன வைப்பது என்ற பேச்சை அன்று இருவருமே எடுக்கவில்லை. அது பிறகு மெல்ல மெல்ல நிரம்பிற்று. முதலில் காலி நூல்கண்டுப் பெட்டி ஒன்று, அப்புறம் மகளின் பள்ளிப் பை, அதற்கு வெகுநாள் கழித்துத்தான் பழைய ஜாம் பாட்டில்களில் பட்டன்கள்.

வீட்டுக்குள் சுவர்கள் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கின்றன. மகள் குழந்தையோடு வந்திருந்தபோது சமையலறையில் ஒரு தட்டாவது அடிக்கலாமே என்று கேட்டாள். "உங்கப்பா எப்பக் கேட்கறாரோ அப்ப அடிக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். கூரை வரை சாமான் அடுக்கிய பெரிய கடைகளுக்குள் ஏணி நுழைவதில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு அவளை மட்டும் அனுப்புவார்.

ஆனால் அவள் ஷெட்டில் தைக்கும்போது அவரும் அங்கேதான் இருக்கிறார். தெருவில் பாரம் ஏற்றிய லாரி ஏதாவது போனால் தரை லேசாக அதிரும், மேலே பட்டன் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அவர் எழுந்துபோய் ரேக்கின் காலில் உள்ளங்கையை வைத்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை நிற்பார். அவள் தலை நிமிராமல் துணியை வெட்டிக்கொண்டிருப்பாள். சத்தம் அடங்கியதும் அவர் வந்து உட்கார்ந்துகொள்வார்.